பந்தக்கால் ஊன்றா வாசல்

அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சுமந்து இன்றும் நிற்கிறது ஒரு கல்லெழுத்து. தென்பெண்ணை பாயும் திருக்கோவிலூர்ப் பக்கத்தில், ஜம்பை என்னும் ஊரின் குன்றில், 1981-ல் அது கண்டறியப்பட்டது. தமிழி எழுத்தில் ஒற்றை வரி. தகடூரை, இன்றைய தருமபுரியை, ஆண்டவன் எத்தனை போர் வென்றான், யாருக்கு நெல்லிக்கனி ஈந்தான் என்பதெல்லாம் பாட்டில் இருக்கிறது. கல்லில் இருப்பது, துறவியர்க்கு அவன் ஓர் உறைவிடம் கொடுத்த செய்தி. ஊரும் உறவும் விட்டு வந்தவர்க்குத் தலை சாய்க்க இடம் ஈந்த கை அது. அந்தக் கை ஆண்ட மண்ணைத் தலைமுறை தலைமுறையாய் உழுதவன் மகன், ஓசூர்ப் புறநகரில் பத்துக்குப் பத்து அறை ஒன்றுக்கு அட்வான்ஸ் புரட்ட மாட்டாமல் அயலார் வாசலில் நிற்கிறான். அதியன் மாய்ந்தபோது ஔவையார் கையற்றுப் பாடினார்; புறநானூறு அந்த அழுகையைக் காத்து வைத்தது. அவன் நாட்டு உழவனின் வீடு கண்ணெதிரே சுவர் சுவராய்க் கரைந்து மாய்கிறது. அந்தோ, அதை யார் பாடுவார்? உரையிலேனும் அழுகிறேன்.

தருமபுரிச் சீமையில் உழவன் வீடு பெரிய வீடன்று. செம்மண் குழைத்து எழுப்பிய சுவர். அதன்மேல் நாட்டு ஓடு, முடியாதவர்க்குக் கூரை. உள்ளே ஒரு கூடம், ஓர் அடுப்படி, அவ்வளவே. அந்த வீட்டின் பெரும்பகுதி சுவருக்கு வெளியேதான் இருந்தது. முன்னே திண்ணை. பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. எதிரே சாணம் மெழுகிய களம். களத்தோரம் ஒரு புளியமரம். அறுப்புக் காலத்தில் களம் நிறையக் கேழ்வரகுக் கதிர் காயும். ஊடுபயிராய் விளைந்த அவரையும் துவரையும் ஓரத்தில் காயும். கொள்ளடித்த தூசு திண்ணை வரை வந்து படியும். பஞ்சத்துக்கென்று தரைக்கடியில் குழி தோண்டிக் கேழ்வரகைக் கொட்டி மூடி, ஆண்டுக்கணக்கில் காத்த காலமும் உண்டு. வழிநடையாய் வந்தவர் திண்ணையில் அமர்ந்தால் சொம்பில் தண்ணீர் வரும். பொழுது சாய்ந்து வந்தவர்க்குக் களி உருண்டையும் கீரைக் குழம்பும் வரும். எங்கிருந்து வந்தாய், என்ன சேதி என்ற கேள்வியெல்லாம் கை கழுவிய பின்புதான்.

களம்தான் அவ்வீட்டின் மண்டபம். பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக்கொண்டு வந்து அங்கேதான் குச்சு கட்டுவான். கல்யாணமென்றால் பந்தக்கால் அங்கேதான் ஊன்றுவார்கள். அக்கம்பக்கத்து அடுப்புகளெல்லாம் அன்றைக்கு அந்தக் களத்துக்கு இடம் மாறிவிடும். வீட்டுப் பெரியவர் கண் மூடினால், மணப்பந்தல் நின்ற அதே இடத்தில் கட்டில் போட்டுக் கிடத்துவார்கள். பறை முழங்கும். உறவினர் கோடி போடுவார்கள். மூங்கில் வெட்டிப் பாடை கட்டுவார்கள். நல்லது கெட்டது இரண்டுக்கும் வாசல் ஒன்றே. அந்த வாசலில் கூடி நின்றவர்தான் ஊரார்; கூடி நின்றதனால்தான் அவர் ஊரார் ஆனார்.

இந்த வீட்டைக் குறையற்றதென்று புகழ எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தத் திண்ணை எல்லார்க்கும் திண்ணையாய் இருந்ததில்லை. காலனியிலிருந்து வந்து அதே கேழ்வரகை அறுத்தவர்கள் களத்தோடு நின்றார்கள். அவர்க்குத் தண்ணீர் சொம்பில் வரவில்லை. அந்த அநீதிக்காகவும் சேர்த்தே அழவேண்டும். ஆயினும் காலனி வீட்டுக்கும் தனக்கென்று ஒரு வாசல் இருந்தது. பந்தக்கால் ஊன்ற அங்கும் ஒரு பிடி மண் இருந்தது. வெளியேறியபோது இருவருமே அதை இழந்தார்கள்.

ஒகேனக்கல்லில் காவிரி பாறை பிளந்து விழுகிற மாவட்டம் இது. அந்த நீர் குழாய்வழி குடிநீராய் வந்து சேரவே 2013 ஆயிற்று. நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் அரிக்கப்பட்டவர்களுக்காக வந்த திட்டம் அது. வயலுக்கு ஆறு வரவில்லை. ஆண்டுக்கு 850 மில்லிமீட்டரை ஒட்டிய மழையை நம்பி வானம் பார்த்த மண். மழை பொய்த்தால் கிணறு வற்றும். கிணறு வற்றினால் போர் போடுவார்கள். அடி கூடக் கூடக் கடனும் கூடும். தண்ணீர் மட்டும் ஏறி வராது. 2016-ன் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுமைக்கும் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10-ல் மாநிலத்தின் 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையென்று அரசு அறிவித்தது. கோப்பில் அது ஓர் அறிவிப்பு. பென்னாகரத்திலும் அரூரிலும் அது கதவுக்குக் கதவு ஒரு பூட்டு. முதலில் மாடு போகும். மாடு போன பிறகு கொட்டகை எதற்கு? கொட்டகை விறகாகும். களத்தில் புல் முளைக்கும். பிறகு ஒரு விடியற்காலையில் மூட்டையும் பிள்ளையுமாய் பஸ் ஏறுவார்கள்: பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு, திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கு, ஓசூருக்குத் தொழிற்சாலைக்கு, சிலர் கேரளத்துக்கு. 2011 கணக்கெடுப்பில் இம்மாவட்ட மக்கள் 15 லட்சத்துக்குச் சற்று மேல். நூற்றுக்கு 83 பேர் ஊர்ப்புறத்தார். அந்த 83-ல் எத்தனையோ வீடுகளில் ரேஷன் அட்டையும் ஓட்டும் கிழவியும் மட்டுமே ஊரில் இருக்க, மற்றவரெல்லாம் வேறெங்கோ உறங்குகிறார்கள்.

ஓசூர் அயலூர் அன்று. 2004 வரை அதுவும் தருமபுரி மாவட்டமே. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 2019-ல் ஊர் மாநகராட்சி ஆயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் அது. வந்தவரை ஏற்கும் மனம் அங்கே இல்லையென்று சொல்லிவிட முடியாது; ஏற்பதற்கான இடம்தான் இல்லை. தொழிற்பேட்டையைச் சுற்றி எழும்பியவை லைன் வீடுகள். ஒரு நீள நடை. நடையை ஒட்டி வரிசையாய்க் கதவுகள். கதவுக்குப் பின் ஓர் அறை, அறையின் மூலையில் ஓர் அடுப்பு மேடை. கோடியில் எல்லார்க்கும் பொதுவாய்க் கழிப்பறை. குழாயடியில் பெயின்டால் எண் எழுதிய பிளாஸ்டிக் குடங்கள். கரண்டுக்கு யூனிட் கணக்கு, தண்ணீருக்குக் குடக் கணக்கு.

அப்படியொரு வரிசையில் நான் கண்ட காட்சி நெஞ்சைவிட்டு அகலவில்லை. பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்தார் ஒரு பெரியவர். மருமகள் இரவு ஷிப்டு முடித்து வந்து படுத்திருந்தாள். அறையில் ஒருவர் படுத்தால் மற்றவர் நிற்கத்தான் இடம். பெரியவர் துணிப்பை நிறைய அவரைக்காயை மடியில் வைத்துக்கொண்டு, செருப்புகள் கிடக்கும் படியில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு அவள் எழுந்து வந்தாள். “மாமா, உள்ள வாங்க மாமா, ஏன் இங்க குந்தியிருக்கீங்க?” “இருக்கட்டும்மா, நீ தூங்கு. காத்து நல்லா வருது.” காற்று அங்கே வரவில்லை. சற்று நேரத்தில் வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். “யாரு பெரியவரே, ஊருலருந்தா? எத்தன நாளைக்கு?” பெரியவர் எழுந்து நின்று, “சாயங்கால பஸ்ஸுக்குப் போயிருவேங்க” என்றார். பொழுது சாய்ந்து வந்தவர்க்கெல்லாம் களி ஈந்த திண்ணைக்கு உரியவர், பெற்ற மகன் வாசலில் தன் இருப்புக்கு நாள் குறித்துச் சொன்னார். அந்த வீட்டுக்காரர் கெட்டவர் அல்லர். ஓர் ஆள் கூடினால் ஒரு குடம் தண்ணீர் கூடும். அது அவர் கவலை. இருவரையும் அப்படிப் பேச வைத்தது அந்த அறையின் அளவு.

வாடகைக்கு வரும்போதே கேள்வி தொடங்குகிறது. ஊர் எது? எத்தனை பேர்? பிறகு, குரலைத் தாழ்த்தி, “என்ன ஆளுங்க நீங்க?” காலனியை விட்டுப் போனால் காலனி தன்னை விடும் என்றெண்ணிப் போனவர்க்கு இந்தக் கேள்வி புறநகர் வாசலிலும் காத்திருக்கிறது. பதில் பிடிக்காவிட்டால் வீடு நேற்றே பேசி முடிந்துவிட்டதாகி விடும். அதையும் கடந்து உள்ளே போனவர்க்கு விதிகள் உண்டு. ஆணி அடிக்கக் கூடாது. ஆள் வந்து தங்கக் கூடாது. விசேஷம் எதுவானாலும் மண்டபம் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுதாத விதி ஒன்று உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லாரும் அறிவர். அங்கே சாகக் கூடாது. ஆஸ்பத்திரியில் உயிர் போனால் உடல் அந்த அறைக்குத் திரும்புவதில்லை. ஆம்புலன்ஸ் நேரே கிருஷ்ணகிரி கடந்து, காவேரிப்பட்டணம் கடந்து, நள்ளிரவில் ஊருக்குப் போகும். ஐயகோ, பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவனுக்கு அந்த நகரில் ஒரு பகல் கிடக்க இடமில்லை.

மகளின் சீருக்கும் ஊருக்கே போகிறார்கள். காதுகுத்துக்கும் ஊருக்கே. நல்லதும் கெட்டதும் இரவு பஸ்ஸேறிப் போய்விட்டால், பக்கத்துக் கதவுக்காரன் எதில் வந்து கலந்துகொள்வான்? ஒருவன் வீட்டு விசேஷத்தில் மற்றவன் கை நனைக்க வேண்டும். ஒருவன் வீட்டுச் சாவில் மற்றவன் தோள் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் அயலான் அண்ணன் ஆவான், மாமன் ஆவான். நம் மக்கள் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்ட வழி வேறு எதுவுமில்லை. இதைச் செய்ய நல்ல மனம் மட்டும் போதாது. வாசல் வேண்டும், நாலு பேர் நிற்கும் மண் வேண்டும். பத்தாண்டு ஒரே நடையில் குடம் வைத்தும் இவர்கள் ஒருவருக்கொருவர் பெயர் தெரியாத ஆட்களாய் இருக்கிறார்கள் என்றால், குற்றம் அவர்கள் மேலன்று. கட்டியவன் அந்த நான்கடி மண்ணை இன்னோர் அறையாக்கி வாடகைக்கு விட்டான்.

பெங்களூரின் கட்டடத் தொழிலாளிக்கு அறையும் கிடையாது, தகர ஷெட்டு. அவர்களுக்கென்று 1996-ல் வந்த சட்டம், வேலை கொடுப்பவரே இலவசமாய்த் தற்காலிக உறைவிடம் தரவேண்டும், சமைக்கவும் குளிக்கவும் கழிக்கவும் தனித்தனி இடம் இருக்கவேண்டும் என்றது. கட்டடம் முடிந்ததும் அந்த உறைவிடங்களை இடித்து நிலத்தைப் பழையபடி ஆக்கவேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. இருபது மாடி எழுப்பியவன் இருந்த சுவடு, சட்டப்படியே துடைக்கப்பட்டது.

நகரில் இவர்களுக்கு இடமில்லை என்பது 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஊரறியத் தெரிந்தது. ஆலை மூடிய மறுவாரமே அந்த அறைகள் தங்களை வெளியே தள்ளுமென்று அவர்களுக்குத் தெரியும். நடந்தும் பைக்கிலும் லாரியிலும் ஊர் திரும்பினார்கள்.

மேட்டூர் அணையை நினைத்தால் வேறொரு துயரம் வருகிறது. 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அந்த அணை, காவிரியின் இரு கரை ஊர்களை விழுங்கியது. பண்ணவாடியின் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் இன்றும் வெளியே தெரிகின்றன. இக்கரையில் நாகமரை, ஒட்டனூர் என்று தருமபுரி மாவட்டத்து ஊர்கள். நீர் வற்றினால் தேக்கத்தின் படுகையில் உழுது விதைப்பவர்களை இன்றும் காணலாம். அந்த மக்கள் இழந்தது பெரிது: ஆற்றங்கரை மண், தோப்பு, கோயில், முன்னோர் புதைந்த இடம். ஆனால் ஊராய் இழந்தார்கள். மேட்டுக்கு ஏறியபோது ஊர்ப்பெயரையும் உடன் கொண்டுபோனார்கள். பண்ணவாடி இன்றும் பண்ணவாடியே. சாவுக்குத் தோள் கொடுக்க அங்கே ஆள் இருந்தது. வறட்சி அப்படி வருவதில்லை. அது ஒரு வீட்டை இந்த ஆண்டு எடுக்கும், அடுத்த வீட்டை மறு ஆண்டு எடுக்கும். ஒருவனைத் திருப்பூரில் எறியும், அவன் பங்காளியை ஓசூரில் எறியும். உடன் அழ ஆளில்லாமல் போனதுதான் இந்த இழப்பின் கொடுமை.

சட்டத்திலும் இந்த வேறுபாடு உண்டு. 2018-ல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்காக அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களில் வயலில் அளவுக்கல் நட்டபோது, அந்த உழவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், நீதிமன்றம் போனார்கள், சென்னை உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அந்தக் கையகப்படுத்தலை ரத்து செய்தது, உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில் புதிதாய் அறிவிக்கை செய்துகொள்ளலாம் என்றது. அவர்கள் பெயர் கோப்பில் ஏறியது. எதிர்த்து நிற்க ஓர் எதிரியாவது இருந்தது. 2013-ன் நிலம் கையகப்படுத்தல் சட்டம் குடிபெயர்க்கப்பட்டவரின் புதிய குடியிருப்பில் என்னென்ன இருக்கவேண்டும் என்று ஒரு பட்டியலே தருகிறது. சாலை, வடிகால், குடிநீர், மேய்ச்சல் நிலம், சுடுகாடு. அதோடு ஐம்பது குடும்பத்துக்கு ஒன்றாய், கூடி உட்கார ஒரு மரத்தடி மேடை. படித்தபோது கண் கலங்கியது. எங்கோ ஓர் அதிகாரி, எந்த ஊரையோ நினைத்து, அந்த மேடையைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் நிலத்தை அரசு எடுத்தால்தான் அந்த மேடை. வானம் எடுத்தால் கிடையாது. வற்றிய போரால் பெயர்ந்தவனை எந்தச் சட்டமும் பெயர்க்கப்பட்டவன் என்று எழுதவில்லை. அரசின் ஊரக வீட்டுத் திட்டங்களும் பெரும்பாலும் சொந்த மனை உள்ளவர்க்கே வீடு கட்டித் தருகின்றன. மனை ஊரில், ஆள் நகரில். தொகுப்பு வீடு ஊரில் பூட்டிக் கிடக்க, கட்டிக்கொண்டவர் நகரில் வாடகை கொடுக்கிறார்.

நகரில் கட்டப்படுபவை படுக்கைகள். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது; 18,720 பெண் தொழிலாளர் அங்கே தங்கலாம். தகர ஷெட்டிலும் நெருக்கடி அறையிலும் கிடந்த பெண்ணுக்குப் பத்திரமான படுக்கை கிடைப்பது பெரிது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவளைப் பார்க்க அப்பன் வந்தால் எங்கே உட்கார்வான்?

முடியாத காரியமென்று சொல்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கட்டும். 1960-ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கம்பம் எனப்பட்ட சிற்றூர்களில் வாழ்ந்தவர்களை, காய்கறி பயிரிட்டுப் பன்றி வளர்த்த உழவர்களையும் சேர்த்து, அடுக்குமாடிகளுக்குக் குடிமாற்றியது. அவர்களும் விட்டு வந்த வாசலை நினைத்து ஏங்கினார்கள். ஆனால் 1970-களிலிருந்து அங்கே கட்டிய அடுக்குகளில் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் திறந்து விட்டார்கள். இன்று அங்கே மலாய்க் கல்யாணம் நடக்கும்; மற்றொரு நாள் அதே இடத்தில் சீனர் வீட்டுச் சவப்பெட்டி பல நாள் இருக்கும்; முதியவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள். நிலத்துக்குத் தவிக்கும் தீவு அது. அங்கே வாடகைக்கு விட்டால் பொன்னாய் விளையும் தரைத்தளத்தை, மணமும் பிணமும் கூடுவதற்கென்று வெறுமையாய் விட்டு வைத்தார்கள்.

இப்போது நல்லம்பள்ளி வட்டத்தில், தருமபுரியின் மண்ணிலேயே, சிப்காட் தொழிற்பூங்கா வருகிறது. இனிப் பென்னாகரத்துப் பிள்ளைகள் ஓசூர் போகவேண்டாம், இங்கேயே வேலை என்கிறார்கள், நடக்கட்டும். வேலை வரும் முன்பே லைன் வீடுகள் வந்துவிடும். மனை விலை பேசும் தரகர்களுக்கு ஓய்வில்லை. இன்னும் சுவர் எழும்பாத நேரம் இது. மாவட்ட நிர்வாகமும் நகரமைப்புத் துறையும் ஒப்புதல் முத்திரை குத்தும் முன் ஒன்றைக் கேட்கட்டும்: ஐம்பது வீட்டுக்கு ஒரு களம் எங்கே? சிமெண்டு பூசாத களம், பந்தக்கால் இறங்கும் மண், ஒரு குழாய், ஒரு மரம், சுடுகாட்டுக்குத் தடையில்லாத வழி. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி: இந்த வீட்டில் இறந்தவர் இந்த வாசலிலிருந்தே எடுக்கப்படலாம். என்ன ஆளுங்க என்று கேட்டுக் கதவடைப்பவருக்கு உரிமம் ரத்து.

ஓசூரிலும் திருப்பூரிலும் ஏற்கெனவே கதவெண்ணாகிப் போனவர்களுக்கு இதுவும் உதவாது. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஊர்த் திருவிழாவுக்கு வந்த பங்காளிகள் இப்போதே கூடிப் பேசுகிறார்கள்: பெரியம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் எந்த வாசலில் வைப்பது, களம் முழுக்க முள் மண்டிவிட்டதே, வண்டி உள்ளே வராதே, சின்னவன் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, ஒரு ஜேசிபி பிடித்து இந்த வாரமே சுத்தம் செய்துவிடலாமா, அதற்கு ஆளுக்கு எவ்வளவு போடுவது.